சகலனுக்கு எதிராக ஒரு நேர்த்தி

லண்டன் பிளேஸ்டோவில் பேஸ்போல் பார்க்கிற தமிழர், எனக்குத் தெரிந்து இரண்டே பேர். ஒருவர் குலசேகரம் அண்ணை, மற்றவன் நான். நான் பார்ப்பது விளையாட்டுக்காக. அவர் பார்க்கத் தொடங்கியது சகலன்மீது இருந்த எரிச்சலில்.

அண்ணை லண்டனில் பஸ் ஓட்டுகிறவர். சகலன் இளங்கோவன் டொரொன்டோவில். அக்கா மங்கையை இவரும் தங்கையை அவரும் கட்டினார்கள். மாமனார் ஒருவர்தானே, பிறகு எப்படி அவனுக்கு மட்டும் பெரிய வீடும் மைதானத்தில் சீசன் டிக்கெட்டும் என்பது அண்ணையின் தீராத கேள்வி. இளங்கோவன் டொரொன்டோ அணியின் தொப்பியைப் போட்டுக்கொண்டு மைதானத்திலிருந்து படம் அனுப்புவார். அண்ணை அதைப் பெருப்பித்து, ஆடுகளம் எவ்வளவு கிட்டத்தில் தெரிகிறது என்று பார்த்துப் பார்த்துப் புழுங்குவார்.

"உவனுக்கு விளையாட்டில என்ன தெரியும்? ஹொட் டோக் தின்னத்தான் போறான்."

தானும் ஒருமுறை அங்கே இருந்து ஒரு மட்ச் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்குக் கொள்ளை கொள்ளையாக இருந்தது. ஆனால் வாய்விட்டுச் சொல்லமாட்டார். சொன்னால் சகலனிடம் கையேந்தியது போலாகிவிடுமாம்.

அந்த மாரிக் குளிரில் வீரர்களுக்கும் அணி முதலாளிகளுக்கும் சம்பளத் தகராறு முற்றியது. ஒப்பந்தம் முடிந்த கையோடு முதலாளிகள் கதவடைப்புச் செய்துவிட்டார்கள். புதுச் சீசன் தொடங்குமா என்றே தெரியவில்லை. பஸ் டிப்போவில் வேலைநிறுத்தம் என்றால் முதல் ஆளாகப் பதாகை பிடிக்கிற அண்ணை, இதில் முதலாளிகள் பக்கம் சாய்ந்தார். இளங்கோவன் வீரர்கள் பக்கம் நின்றதைத் தவிர வேறு காரணம் எதுவுமில்லை.

"கோடிக்கணக்கில வாங்கிறவங்களுக்கு இன்னும் என்ன வேணுமாம்?" என்றார் தேநீர்க் கடையில்.

"கோடி வாங்கிறது கொஞ்சப் பேர்தான் அண்ணை. புதுசா வாற பெடியளுக்குத்தான் சம்பளம் காணாது. டிப்போவில நீங்களும் இதைத்தானே கேட்டனீங்கள்?"

"அது வேற, இது வேற."

"சீசன் நடந்தா எங்கட டொரொன்டோ டீம் இந்த முறை இறுதியாட்டம் வரைக்கும் போகும். பந்தெறியிற ஆக்கள் எல்லாரும் நல்ல ஆக்கள்."

"போகட்டும். நானோ அங்க போய்ப் பாக்கப் போறன்? பாக்கிறவன் பாப்பான்."

அதே கிழமை இளங்கோவன் முதல் மட்சுக்கு இரண்டு டிக்கெட் வைத்திருப்பதாகப் படம் போட்டார். மற்றது யாருக்கு என்று சொல்லவில்லை. அண்ணைக்கு அன்று சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு வால்தம்ஸ்டோவில் இருக்கிற பிள்ளையார் கோயிலுக்குப் போனார். கண்ணை மூடிக்கொண்டு அவர் முணுமுணுத்தது பக்கத்தில் நின்ற எனக்கு நன்றாகக் கேட்டது.

"அப்பனே, உந்த முதல் மட்ச் நடக்கக் கூடாது. நூற்றெட்டுத் தேங்காய் அடிக்கிறன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சகலன்மேல் உள்ள வயிற்றெரிச்சலில் எங்கள் அணிக்கே உலை வைக்கிறார் மனுசன்!

பிள்ளையாருக்கும் வேறு வேலை இருக்கவில்லைப் போலும். பேச்சுவார்த்தை முறிந்து, முதல் வார ஆட்டங்கள் அத்தனையும் ரத்தாகின. அண்ணை கடையில் இருந்த எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து இளங்கோவனின் அழைப்பு வந்தது. சகலன் புலம்புவதை நானும் கேட்கவேண்டும் என்று அண்ணை ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணை, எல்லாம் பிழைச்சுப் போச்சு. மற்ற டிக்கெட் உங்களுக்குத்தான். உங்கட அறுபதாவது பிறந்தநாளுக்கெண்டு மங்கை அக்காவும் நாங்களும் ஒளிச்சு வச்சிருந்தம். பிளேன் டிக்கெட்டும் போட்டாச்சு. இனி எப்ப தொடங்குதோ, உங்களுக்கு எப்ப லீவு கிடைக்குதோ."

அண்ணையின் வாயில் வடை அப்படியே இருந்தது. அதை விழுங்கிவிட்டு, "பரவாயில்லைத் தம்பி" என்றார்.

ஆனாலும் நேர்த்தி நேர்த்திதான். கேட்டதைக் கொடுத்த பிள்ளையாரை ஏமாற்ற அவருக்குப் பயம். அடுத்த வெள்ளி சாக்குச் சாக்காகத் தேங்காயோடு போனோம். அவருடைய மனைவி மங்கை அக்காவும் கூட வந்தார்.

"என்ன நேர்த்தியப்பா இது? எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே?"

அண்ணை என்னைப் பார்த்தார். நான் தேங்காயைப் பார்த்தேன்.

"தகராறு தீர்ந்து மட்ச் நடக்கவேணுமெண்டு... முன்கூட்டியே அடிக்கிறன்."

மங்கை அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே டொரொன்டோவுக்கு வீடியோவில் அழைத்து, வேர்த்து விறுவிறுக்கத் தேங்காய் அடிக்கிற புருசனைக் காட்டினார். இளங்கோவன் திரையில் கைகூப்பினார்.

"அண்ணை, வருசக்கணக்கா நான் மட்டும்தானே போய்ப் பாத்தனான். உங்கட இடத்தில நானெண்டா, பொறாமையில இந்த மட்ச் நிண்டது நல்லதெண்டு சந்தோசப்பட்டிருப்பன். உங்கட மனம் எனக்கு வராது."

அண்ணை மிச்சத் தேங்காய்களை நிமிர்ந்து பாராமல் அடித்து முடித்தார். மங்கை அக்கா பிரசாதம் வாங்க உள்ளே போனதும் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"கேட்டனியே? தன்ர மனசில உள்ளதை அப்பிடியே சொல்லிப்போட்டான். எனக்கு அது ஏலாமல் போச்சு. இதிலயும் அவன்தான்ரா முந்தியிட்டான்."