அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில்

ஆஸ்திரேலியாவின் போர்ட் பீரியில் மீன் பொரிக்கும் கடையில் வேலை பார்க்கும் நோலீன் பாஸ்கோவிடம் யார் நலம் விசாரித்தாலும் ஒரே பதில்தான் வரும். "ஓடுது." விசாரிப்பது பிள்ளைகளைக் கவனிக்கும் அரசுத் துறையான வெல்ஃபேரின் ஆளாக இருந்தால் கூடவே ஒரு சிரிப்பும் வரும்.

அந்தச் சிரிப்பை அவள் எட்டு வயதில் கற்றுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அன்பாகப் பேசிய ஒரு அதிகாரியம்மாவிடம், "என்னால முடியலங்க" என்று அவள் அம்மா மனம்விட்டுச் சொன்னாள். அந்த மாதமே வெல்ஃபேர் பிள்ளைகளை எடுத்துக்கொண்டது; நோலீன் ஒரு ஊருக்கும் தம்பி கிரெய்க் வேறொரு ஊருக்கும் போனார்கள். மறுபடி பார்த்தபோது கிரெய்க்குக்கு மீசை முளைத்திருந்தது. அவளை அக்கா என்று கூப்பிடக் கூச்சப்பட்டான்.

பின்னாளில் கிரெய்க் சிறைக்குப் போனான். அவன் மனைவி போதைக்கு அடிமையாகி எங்கேயோ போய்விட்டாள். பிள்ளைகள் இரண்டும் நோலீனிடம் வந்தன. கல்யாணம் ஆகாதவள், ஐம்பதைத் தாண்டியவள். பிள்ளை வளர்ப்பு பற்றி ஒன்றும் தெரியாது. இவர்களைப் பிரிக்க விடக்கூடாது என்பது மட்டும் தெரியும்.

மேசிக்கு நாலு வயது. ஊரிலுள்ள ஈய உருக்காலையின் தூசு போக எத்தனை தடவை கை கழுவச் சொன்னாலும் முகம் சுளிக்காமல் கழுவுவாள். பதினொரு வயது லாக்கி வேறு மாதிரி. அப்பன் வீட்டில் பார்க்கக்கூடாததையெல்லாம் பார்த்திருந்தான். நல்ல நேரத்தில் தங்கைக்கு ரொட்டியில் வெஜிமைட் தடவி ஓரத்தை வெட்டிக் கொடுப்பான். கெட்ட நேரத்தில் கையில் கிடைத்தது பறக்கும். பள்ளிக்கூடத்திலேயே அவனைப் பாதி நாள்தான் வைத்துக்கொண்டார்கள்.

நோலீனின் முழங்கையில் கன்றிப்போயிருந்ததைப் பார்த்து, "என்ன, மீன் திருப்பி அடிச்சுதா?" என்பார் முதலாளி ஸ்டாவ்ரோஸ்.

"பெரிய மீனு முதலாளி. உங்க வலையில சிக்காது."

மாதத்தில் இரண்டு நாள் லாக்கியை யாராவது வைத்துக்கொண்டால் மூச்சு விடலாம் என்று ஒரே ஒரு தடவை வெல்ஃபேரில் கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். இந்தப் பக்கம் அதற்கு ஆள் இல்லை என்றார்கள். நீங்கள்தான் நன்றாகச் சமாளிக்கிறீர்களே என்று பாராட்டும் கிடைத்தது.

அதற்கப்புறம் மாநிலத் தலைநகரான அடிலெய்டிலிருந்து இமோஜன் வந்தாள். சொந்தக்காரப் பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்கு என்ன உதவி தேவை என்று பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் பெண். பிள்ளைகள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, சமையலறை மேசையில் ரெக்கார்டரை வைத்தாள்.

"நான் வெல்ஃபேர் ஆள் இல்ல. உங்க பேரு எங்கயும் வராது. ஆனா ஒரு குழந்தைக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா நான் சொல்லியாகணும். அது சட்டம்."

"இங்க இருக்கற ஒரே ஆபத்து நான் போடற டீதான் கண்ணு. குடி."

கேள்விகள் ஒவ்வொன்றாகப் போயின. ஓடுது, ஓடுது என்று நோலீனும் சொல்லிக்கொண்டே போனாள். இமோஜன் திடீரென்று கேள்விகள் எழுதிய காகிதத்தை மடித்து வைத்தாள்.

"நீங்க எங்க தூங்குறீங்க, நோலீன்? உங்க கட்டில் மேல மடிச்ச துணியா குவிஞ்சு கிடக்கு."

நோலீன் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

"மேசி ரூம் வாசல்ல. நாற்காலி போட்டு."

"ஏன்?"

"லாக்கி ஒருநாள் அவ மூஞ்சி மேல தலகாணிய வச்சு அமுக்கிட்டிருந்தான். அழுகைய நிறுத்தறானாம். அவங்கம்மா அப்படித்தான் நிறுத்துவாளாம். கெட்டவன் இல்ல கண்ணு. நான் இழுத்ததும் அவனும் சேந்து அழுதான்."

இமோஜன் ரெக்கார்டரை அணைத்தாள். அப்போதே நோலீனுக்குப் புரிந்துவிட்டது.

"நான் முதல்லயே சொன்னேன்..."

"சொன்ன. காதுல விழத்தான் செஞ்சுது."

"உங்களுக்கு உதவி வேணும்னுதான் சொல்வேன். நீங்க எவ்வளவு பாடுபடறீங்கன்னும் சொல்வேன்."

"எங்கம்மாகிட்டயும் அன்னிக்கு வந்த அதிகாரியம்மா அதைத்தான் சொன்னாங்க."

கொடுத்த வாக்குப்படியே இமோஜன் வெல்ஃபேரில் சொன்னாள். இருந்தும் வெல்ஃபேரிலிருந்து இரண்டு பேர் காரில் வந்தார்கள். ரெண்டு பேரும் இங்கேயே இருக்கட்டும், நாற்காலியை எடுக்கவே மாட்டேன் என்று நோலீன் மன்றாடினாள்.

"எத்தனை வருஷத்துக்கு நோலீன்? நீங்களும் தூங்கணுமே," என்றார் வந்தவர்களில் ஒருவர்.

லாக்கியை அடிலெய்டில் ஒரு விடுதிக்குக் கொண்டுபோனார்கள். அன்று நோலீன் தன் கட்டிலில் படுத்து விடியும்வரை அசையாமல் தூங்கினாள். எழுந்தபின் அதைத்தான் அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பார்க்க விட்டபோது பஸ் பிடித்துப் போனாள். விடுதி என்று பெயர். லாக்கி ஒருவனுக்காக ஒரு முழு வீடு. எந்நேரமும் கூடவே இரண்டு பேர், முறை வைத்து. ஒருவர் அவளுக்குக் காபி கொடுத்தார். நல்ல மனிதர். மாதம் இரண்டு நாள் நீங்கள் பீரிக்கு வந்திருக்கக்கூடாதா என்று கேட்க வாய் வரை வந்தது. காபியைக் குடித்துவிட்டாள்.

"நீதான சொன்ன, அத்தை?" என்று கேட்டான் லாக்கி.

"ஆமாடா. நான்தான்."

அவன் கத்தவில்லை. எதையும் எறியவும் இல்லை.

"அடுத்த தடவ மேசியக் கூட்டிட்டு வா. நான் தொடக்கூட மாட்டேன். சும்மா பாத்துட்டு விட்டுடறேன்."

சரி என்று அவளால் சொல்ல முடியவில்லை. அண்ணனும் தங்கையும் சந்திப்பது பற்றி வெல்ஃபேர் இன்னும் முடிவு செய்யவில்லை. "கேட்டுப் பாக்கறேன்டா," என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று காபி கொடுத்தவர் வந்து சொன்னார்.