இடுப்பில் கட்டிய தாள்

பயணம் புறப்படுகிறவரின் காதில் விழும்படி ஒரு நோயின் பெயரைச் சொன்னால், அது டிக்கெட் வாங்காமலே அவரோடு கப்பலில் ஏறிவிடும் என்று எங்கள் வீட்டில் நம்பினார்கள். யாராவது ஊருக்குப் போகும் வாரத்தில் காய்ச்சல், பேதி, மயக்கம் போன்ற சொற்கள் எங்கள் சமையலறையில்கூட ஒலிப்பதில்லை. அந்த நாட்களில் மிளகு ரசம் வைத்தால், சளிக்கு நல்லது என்று சொல்ல வேண்டிய இடத்தில் வாய்க்கு நல்லது என்று சொல்லிப் பரிமாறுவார் அம்மா.

இப்படிப்பட்ட வீட்டில்தான் என் அப்பா இன்சூரன்ஸ் முகவராக இருந்தார்.

பகலில் அவர் மலாக்காவின் ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு துணிக்கடைக்கு ஆங்கிலக் கடிதங்கள் எழுதும் கிராணி. மாலையில் பழுப்புத் தோல் பையைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார். மெர்டேக்கா, அதாவது மலாயாவின் விடுதலை, வந்த மறு ஆண்டு, அவருடைய நிறுவனம் கப்பல் பயணிகளுக்கென்று புதிதாக ஒரு காப்புறுதியைக் கொண்டுவந்தது. கப்பலிலோ, போய்ச் சேர்ந்த ஊரிலோ பயணிக்குத் திடீரென்று உடம்புக்கு முடியாமல் போனால், மருத்துவர், மருத்துவமனை, பெரிய ஊருக்குக் கொண்டுபோக வண்டி ஆகிய எல்லாவற்றையும் நிறுவனமே பார்த்துக்கொள்ளும். உறவினரைப் பார்க்க நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறும் குடும்பங்கள் அப்போது மலாக்காவில் நிறைய இருந்ததால், இது தானாகவே விற்றுவிடும் என்று அப்பா நினைத்தார். மூன்று மாதம் அலைந்தும் ஒருவர்கூட வாங்கவில்லை. ஒரு மளிகைக்கடைக்காரர், அப்பா எழுந்து வந்ததும் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் தண்ணீர் தெளித்துத் துடைத்தாராம். அதை அப்பாவே வீட்டில் சொல்லிச் சிரித்தார்.

அந்த ஆண்டில்தான் அத்தையும் பயணத்துக்குத் தயாரானார். அத்தை அப்பாவின் அக்கா. கணவரை இழந்தபின் எங்களோடு காஜா பெராங் வீட்டில் இருந்தவர். தாயில்லாத தம்பியைச் சிறு வயதிலிருந்தே தூக்கி வளர்த்தவர். அவருடைய ஒரே மகளை நாகப்பட்டினத்தில் ஒரு பள்ளி ஆசிரியருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மகளுக்கு முதல் பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. பேரப்பிள்ளையை முதலில் தன் கையில் வாங்க வேண்டும் என்பது அத்தையின் ஒரே ஆசை. அதற்காக நான்கு மாதமாக மல் துணியில் குட்டிச் சட்டைகள் தைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஒரு மாலை அப்பா அவர் அருகில் போய் உட்கார்ந்தார். எனக்குப் பன்னிரண்டு வயது. கூடத்தில் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

“அக்கா, ஒரு சின்ன விஷயம். கப்பல்ல ஒனக்கு ஏதாச்சும்…”

“ஏதாச்சும்னா?” என்றார் அத்தை, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஒண்ணும் இல்ல. ஒருவேளை…”

“என்னாடா ஒருவேளை?”

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “சொல்லுங்களேன். மலாக்கா முழுக்கப் போயி மணிக்கணக்கா பேசுறீங்க. சொந்த அக்காகிட்ட வாய் வரமாட்டேங்குதா?”

அத்தைக்குப் புரிந்துவிட்டது. “நான் புள்ளப்பேறு பாக்கப் போறேன். நீ என்னைய ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுக்கப் போட்டுப் பாக்குறியா? அந்தப் பைய எடுத்துக்கிட்டு எந்திரி. சட்டை மேல பட்டுறப் போவுது.”

அப்பா எழுந்துவிட்டார். ஆனால் விடவில்லை. இரண்டு நாள் கழித்துக் பாஸ்போர்ட் தாள்களோடும் கப்பல் கம்பெனித் தாள்களோடும் இன்சூரன்ஸ் படிவத்தையும் நடுவில் செருகிக் கையெழுத்து வாங்கினார். அத்தை எழுத்துக்கூட்டித் தன் பெயரை ஐந்து இடங்களில் எழுதினார். எது எதற்கென்று கேட்கவில்லை. தம்பி நீட்டிய தாளில் கேள்வி கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

பத்திரம் வந்தது. அதில் ஒரு வரியை அப்பா எனக்குப் படித்துக் காட்டினார்: உடம்புக்கு முடியாமல் போன இடத்தில், பயணி இந்தத் தாளைத் தாமே காட்டிக் கையொப்பமிட வேண்டும். ஆகவே தாள் அத்தையோடு போயாக வேண்டும். பெட்டியில் வைத்தால் அவர் கண்ணில் படாமல் இருக்காது. பட்டால், தாள் கடலுக்குத்தான் போகும்.

அப்பா கண்டுபிடித்த வழியை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்தே வருகின்றன. தாளை உள்ளங்கை அளவுக்கு மடித்தார். பக்கத்து வீட்டில் புதிதாக மணமாகி வந்திருந்த மலாக்காச் செட்டிப் பெண்ணிடம் தையல் இயந்திரம் இருந்தது. தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே வாழ்கிற, கோயிலுக்கு எங்களைப் போலவே போகிற, வீட்டில் மலாய் பேசுகிற குடும்பம் அவர்களுடையது. நான் அவரைக் ‘காக்’ என்று, மலாயில் அக்காவை அழைப்பதுபோல் அழைப்பேன். தாளை உள்ளே வைத்து, நான்கு பக்கமும் மூடி, மஞ்சள் துணியில் ஒரு பை தைத்துத் தந்தார் காக். அப்பா அதை ஜாலான் துக்காங் எமாஸில் உள்ள விநாயகர் கோயிலுக்குக் கொண்டுபோய்த் தட்டில் வைத்து அர்ச்சனை செய்தார். அதனால் வீட்டுக்கு வந்து, “பிள்ளையார் பாதத்துல வச்சு வாங்கிட்டு வந்தேன், இடுப்புல கட்டிக்க” என்று அவர் சொன்னது முழுப் பொய் ஆகாது. முழு உண்மையும் ஆகாது.

அத்தை கைகளை உயர்த்தி நின்றார். அப்பா கறுப்புக் கயிற்றை அவர் இடுப்பில் சுற்றி இரட்டை முடிச்சுப் போட்டார்.

“எப்படா அவுக்கணும்?”

“நீ திரும்பி வந்ததும் நானே அவுத்து விடுறேன்க்கா. வேற யாரும் தொடக்கூடாது.”

கடைசி வாக்கியம் தேவையற்றது. அக்காவின் மனம் குளிரட்டும் என்று அன்பு மிகுதியில் சேர்த்துக்கொண்டது.

கப்பல் புறப்பட்ட பன்னிரண்டாம் நாள் அத்தையின் மருமகனிடமிருந்து தந்தி வந்தது. கப்பல் தளத்தில் துருப்பிடித்த ஆணி ஒன்று அத்தையின் காலில் ஏறியிருக்கிறது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. கரையிறங்கும்போது கால் முழங்கால்வரை வீங்கிவிட்டது. உள்ளூர் மருத்துவர் உடனே மதராஸுக்குக் கொண்டுபோகச் சொல்கிறார். அவ்வளவு செலவுக்கு மருமகனிடம் பணமில்லை. கால் போகலாம், உயிரும் போகலாம்.

அம்மா சாமி விளக்கை ஏற்ற ஓடினார். அப்பா பதறவில்லை. ஏதோ பெரியவர் ஒருவர் முன்கூட்டியே போய் அங்கே காத்திருப்பதுபோல, “தாள் இருக்கு” என்று மட்டும் சொன்னார். உடனே தபால் நிலையத்துக்குப் போய், இடுப்புப் பையில் இன்சூரன்ஸ் இருக்கிறது, எடுத்துக் காட்டுங்கள் என்று மருமகனுக்குத் தந்தி அடித்தார்.

மறுநாள் பதில் வந்தது. அத்தை பையைத் தொட விடவில்லை. காய்ச்சல் வேகத்திலும் இரண்டு கையாலும் அதை மூடிக்கொண்டு, “தம்பி கட்டுனது, தம்பிதான் அவுக்கணும்” என்கிறார். உள்ளே தாள் இருப்பதாக மருமகன் சொன்னதை அவர் நம்பவில்லை.

அப்பா நிறுவனத்தின் அலுவலகத்துக்கு ஓடினார். அங்கிருந்தவர்கள் அன்பாகத்தான் பேசினார்கள். மதராஸுக்குச் சொல்லிவைப்பதாகவும், தாளும் கையொப்பமும் கிடைத்த உடனே ஆள் புறப்படுவார் என்றும் சொன்னார்கள். அது இல்லாமல் புறப்படச் சொல்ல அவர்களுக்கு அதிகாரமில்லை.

வீட்டுக்கு வந்த அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றார். வேலிக்கு அப்பால் காக் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். “பெலும் புக்கா?” என்று மெல்லக் கேட்டார். இன்னும் திறக்கவில்லையா என்று அர்த்தம். நான் இல்லை என்று தலையசைத்தேன். அவர் தம் விரல்களைப் பார்த்துக்கொண்டார். நான்கு பக்கமும் அவ்வளவு அழுத்தமாகத் தைத்தவர் அவர்தானே.

“ஒங்க பொய்தானே அங்க கட்டியிருக்கு” என்றார் அம்மா. அன்று அவர் குரலில் கேலி இல்லை. “அத ஒங்க வாயாலதான் அவுக்கணும். அண்ணிகிட்ட உண்மையச் சொல்லுங்க.”

“அந்தப் பைய நம்பித்தான் அவ தைரியமா படுத்திருக்கா. அது பிள்ளையார் குடுத்தது இல்லன்னு இப்பப் போயி சொன்னா, இருக்கற தைரியமும் போயிடாதா?”

“கால் போனாப் பரவால்லையா?”

அப்பா என்னை அழைத்துக்கொண்டு மீண்டும் தபால் நிலையத்துக்குப் போனார். ஏன் என்னை அழைத்தார் என்று அப்போது தெரியவில்லை. தனியாகப் போனால் பாதி வழியில் திரும்பிவிடுவோமோ என்று அஞ்சியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. நான்கு படிவங்களை எழுதிக் கிழித்தார். ஐந்தாவதை என்னிடம் நீட்டி, “சரியா இருக்கா பாப்பா?” என்றார். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: அக்கா, பையில் இருப்பது மந்திரமில்லை. உன்னிடம் மறைத்து நான் வைத்த இன்சூரன்ஸ் தாள். வெளியே எடு. கோபத்தை நேரில் வந்து காட்டு.

கடைசி வரியை இரண்டு முறை படித்தேன். “சரியா இருக்குப்பா” என்றேன்.

பிறகு மூன்று நாள் செய்தி இல்லை. அந்த மூன்று நாளும் அப்பா தோல் பையைத் தொடவில்லை. நான்காம் நாள் இரண்டே சொல்லில் ஒரு தந்தி வந்தது: மதராஸ் சேர்த்தாயிற்று.

என்ன நடந்தது என்பதை அத்தை மகளின் வான்தபால் கடிதம்தான் விவரமாகச் சொன்னது. மருமகன் தந்தியைத் தமிழில் படித்தபோது அத்தை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு கத்தரிக்கோல் கேட்டார். எவரையும் கிட்ட விடாமல், பையின் துணியை மட்டும் ஒரு ஓரமாக வெட்டித் தாளை உருவினார். வெற்றுப் பையும் கயிறும் முடிச்சும் இடுப்பிலேயே இருந்தன. “அந்தப் பய தாள்லதான் பொய் சொன்னான், முடிச்சுல சொல்லல” என்றாராம். பிறகு தாளைத் தூக்கிக் காட்டி, “எங்க கையெழுத்து போடணும்?” என்றாராம்.

நிறுவனத்தின் ஆள் காருடன் வந்தார். மதராஸில் அத்தையின் காலைக் காப்பாற்றிவிட்டார்கள். சுண்டுவிரல் மட்டும் போயிற்று. ஆனால் அவர் அங்கே படுத்திருந்தபோதே நாகப்பட்டினத்தில் குழந்தை பிறந்துவிட்டது. பெண் குழந்தை. அத்தை அதைக் கையில் வாங்கியபோது அதற்கு இருபது நாள். முதலில் தைத்த சட்டை அதற்குள் சிறியதாகிப் போயிருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்.

ஐந்து மாதம் கழித்துச் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலிருந்து வாடகைக் காரில் அவரை அழைத்துவந்தோம். வழி முழுவதும் அத்தை பேத்தியைப் பற்றி அம்மாவிடம் மட்டுமே பேசினார். முற்றத்தில் இறங்கி, சற்றுச் சாய்ந்து நின்று, கைகளை உயர்த்தினார்.

“அவுத்து விடுடா.”

அப்பா மண்டியிட்டார். ஐந்து மாத வேர்வையிலும் எண்ணெயிலும் முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. விரலுக்கு அசையவில்லை. அம்மா கத்தரிக்கோலை நீட்டினார்.

“அத உள்ள வை. இவன் அவுக்கட்டும். இவன்தானே சொன்னான், வேற யாரும் தொடக்கூடாதுன்னு.” பிறகு தம்பியின் தலைக்கு மேலே தொடங்கினார். “பிள்ளையார் பாதத்துல வச்சியா? என்னடா வச்ச? கம்பெனித் தாள வச்சியா? சிறுசுல நீ சக்கரய திருடித் தின்னுட்டு எறும்பு மேல பழி போட்டவன்தானே. ஒரு வார்த்த சொல்லியிருந்தா என் பேத்தி கண்ணு முழிச்சதும் என்னையப் பாத்திருப்பா. கப்பல் டாக்டர்கிட்டயே காலக் காட்டியிருப்பேன்ல?”

“சொன்னா கேட்டிருப்பியாக்கா?”

“கேட்டிருக்க மாட்டேன்” என்றார் அத்தை. “ஆனா நீ சொல்லியிருக்கணும்.”

காக் வேலியைத் தாண்டி வந்து தம் கொண்டை ஊசியை நீட்டினார். அதைக் கொண்டு குடைந்து குடைந்து, ஏறக்குறைய அரைமணி நேரம் போராடி, அப்பா முடிச்சை அவிழ்த்தார். அதுவரை திட்டு நிற்கவில்லை. முடிச்சு விடுபட்டதும் திட்டும் நின்றது. அத்தை குனிந்து, கயிற்றோடு சேர்த்து அப்பாவின் கையையும் பிடித்துக்கொண்டார். “வேர்த்து ஊத்துது பாரு. போயி தண்ணி குடி.”

அதன்பின் அப்பாவின் காப்புறுதிக்கு ஜாலான் பெண்டஹாராவில் கிராக்கி வந்தது. அதை விற்றவர் அத்தைதான். கடை கடையாய்ச் சாய்ந்து நடந்துபோய், செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டுவார். “இந்தத் தாள் சீக்க நிறுத்தாது. சீக்கு வந்தா ஆள வரவைக்கும்.” நோயின் பெயரைப் பயணிகள் முன் உரக்கச் சொன்ன முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் அவர்தான். சொன்ன கையோடு, வாங்கியவர்களிடம் மஞ்சள் பையிலேயே வைத்துக் கட்டிக்கொள்ளவும் சொல்வார். உள்ளே இருப்பது இன்னதென்று அப்பா முதலில் படித்துக்காட்டிய பிறகுதான் அவர்கள் கட்டிக்கொள்வார்கள். பைகளை அப்போதும் காக்தான் தைத்தார். இம்முறை ஒரு பக்கம் திறந்து, பொத்தான் வைத்து.

அத்தை போய் வெகுகாலம் ஆகிறது. அப்பாவும், அவருக்குப் பின் அம்மாவும் போய்விட்டார்கள். நாகப்பட்டினத்தில் பிறந்த அந்தப் பெண்ணும் இன்று பாட்டி. அவளைப் பார்க்க நான் புறப்படும் போதெல்லாம், வேலிக்கு அப்பாலிருந்து ஒரு முதிய குரல், தாளை எடுத்துக்கொண்டாயா என்று மலாயில் கேட்கும். எடுத்துக்கொண்டேன் என்று கைப்பையைத் தட்டிக் காட்டுவேன். முடிச்சு அவிழ்ந்த அன்று முற்றத்தில் நின்றவர்களில் காக், நான் இருவர்தான் இன்னும் இருக்கிறோம்.