எதிர்க் கட்டடத்துத் தம்பி

தம்பி வேலையை விட்டுப் போனது, கம்பெனி தன் புது ஏ.ஐ. மாடலை, கேள்வி கேட்டால் பதில் சொல்லும் இயந்திரத்தை, வெளியிட்ட அன்று. எல்லோரும் கேக் தின்றுகொண்டிருந்தபோது, மழையைக் காரணம் காட்டி அக்காவின் குடையை வாங்கிக்கொண்டு இறங்கியவன், தெருவைக் கடந்து எதிர்க் கட்டடத்தில், போட்டிக் கம்பெனியில் போய் உட்கார்ந்துவிட்டான். எதைச் சொல்வதென்றாலும் "தப்பா நினைக்காதக்கா" என்று ஆரம்பிக்கிற பிள்ளை, தப்பாக நினைக்க வேண்டிய அன்று மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அதுவரை இருவருக்கும் ஒரே மாடி. இயந்திரம் பார்த்துப் பழக மாதிரிப் பதில்கள் எழுதுவது தம்பி. மார்க் போடுவது அக்கா. ஆபீசில் அவளுக்குத் தராசு என்று பெயர். ஒரு கேள்விக்கு இரண்டு கம்பெனி இயந்திரங்களும் சொன்ன பதில்கள் திரையில் அருகருகே வரும். எது யாருடையது என்று காட்ட மாட்டார்கள். அந்தப் பழக்கம் வீட்டிலும் அவளை விடவில்லை. தாமதமாக வந்த கணவர் ஒரு காரணம் சொன்னால், "இன்னொண்ணு சொல்லுங்க, எது தேவலைன்னு பாப்போம்" என்பாள்.

தம்பி கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை என்று முடிவு செய்தாள். அவன் கூப்பிடவே இல்லை. அந்தக் கோபத்தையும் சேர்த்துத் திரையில் தீர்த்துக்கொண்டாள். ஏதாவது பதில் 'மன்னிக்கவும், தவறாக எண்ண வேண்டாம்' என்று இழுத்தால் போதும், "வந்துட்டார் துரை" என்று முனகியபடி அடிமட்ட மார்க் போடுவாள். பக்கத்துப் பதில் வெடுக்கென்று இருக்கும். அதற்கு முழு மார்க். சொந்தக் கம்பெனிக்கு உழைத்த திருப்தியோடு வீட்டுக்குப் போவாள்.

சில மாதம் கழித்து மேலாளர் அழைத்தார்.

"மேடம், நம்ம மாடலை நீங்களே குழி தோண்டிப் பொதைச்சிட்டீங்க."

"சார், அந்த இழுவை என் தம்பியோடது. அவன் பேசக் கத்துக்கிட்ட நாள்லேருந்து கேக்கறேன்."

"அவரோடதுதான். ஆனா இங்க இருந்தப்பதானே அவ்வளவும் எழுதிக் குடுத்தாரு? ஆள்தான் போனாரு, பேச்சு இங்கயே இருக்கு."

"அப்போ நான் முழு மார்க் போட்டதெல்லாம்?"

"எதிர்க் கட்டடம்."

அவள் முழு மார்க் போட்ட பதில் ஒன்றை அவர் திறந்து காட்டினார். வீட்டைப் பூட்டினோமா என்று பாதி வழியில் சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்று யாரோ கேட்டிருந்தார்கள். 'திரும்பிப் போய்ப் பார். போகும்போது கூட வருபவர் உயிரை வாங்காதே. சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாவியைத் தேடாதே.'

அக்கா இரண்டு முறை படித்தாள். தம்பியை அவள் அதட்டுகிற குரல், ஓர் எழுத்துக் குறையாமல்.

"அங்க போயும் நல்லாத்தான் எழுதறான்," என்றாள். மேலாளர் அவளை வேறு பிரிவுக்கு மாற்றினார்.

அன்று மாலை போனை எடுத்தாள், பிறகு வைத்துவிட்டாள். சின்னவன் அவன்தானே, அவன் பேசட்டும். ஆனால் அதற்கப்புறம் போன் கவிழ்ந்து கிடந்ததே இல்லை.

அடுத்த மழைக்காலத்தில்தான் செய்தி வந்தது:

"தப்பா நினைக்காதக்கா. உன் குடை என்கிட்டதான் இருக்கு. சொல்லாம போனதுக்கு ஒரு மன்னிப்பு எழுதித் தரச் சொல்லி எங்க மிஷினைக் கேட்டேன். 'நேர்ல போய் வாங்கிக் கட்டிக்கோ'ன்னுடுச்சு. ஞாயித்துக்கிழமை வரட்டுமா?"