உருகிப்போன லேஸ்

உருகுநிலை பார்ப்பது வாயை மூடிக் கண்ணைத் திறந்து வைத்திருக்கும் வேலை. என்னிடம் அதைக் கொடுத்ததும் அதற்காகத்தான். முதலில், பஞ்சப்படி கேட்டதற்காக நிட்டிங்கிலிருந்து நீக்கினார்கள். அடுத்த கம்பெனியில் துண்டறிக்கை கொடுத்ததற்காக அவிநாசி யூனிட்டுக்குத் தூக்கியடித்தார்கள். அங்கும் கேட் வாசலில் கூட்டம் போட்டுப் பேசவே, ஆள் நடமாட்டம் குறைந்த, துணி சோதிக்கும் லேப்பில் உட்கார வைத்தார்கள். வெந்து நொந்த தோழர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

அவசரம்

நூலை இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே வைத்துச் சூடேற்றி, அது நீராகும் டிகிரியை லென்ஸ் வழியாகப் பார்த்துக் குறிக்க வேண்டும். சூடு மெல்ல ஏறினால்தான் அளவு சரியாக வரும். ஆர்டரை நேரத்துக்கு அனுப்ப அலையும் மெர்ச்சண்டைசர் தம்பி பொறுக்காமல் சொன்னார்: "ஏனுங்ணா, கேண்டீன் அடுப்புல வெச்சா டக்குனு உருகிருமுங்களே!"

தெரிந்த பொடி

உருகும் டிகிரி ஏற்கெனவே தெரிந்த சுத்தமான பொடி ஒன்றைத் தினமும் முதலில் உருக்கிப் பார்ப்பேன். அது சரியாக வந்தால்தான் கருவியை நம்பலாம். பக்கத்து மேசையில் சாயம் சோதிக்கும் சுமதிக்கு இது வேடிக்கை. "தெரிஞ்சதையே தெனமும் சொல்றதுக்கு இதென்ன உங்க சங்கக் கூட்டமுங்களா?"

இஸ்திரிப்பெட்டி

ஏற்றுமதிக்கான உள்ளாடைகளில் லேஸ் உருகி ஒட்டிக்கொண்டது. அயர்னிங் செக்சன் மரியபுஷ்பம் சூட்டைக் கூட்டிவிட்டார் என்று பெயர் போட்டு நோட்டீஸ் ஒட்டினார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், என்னிடம் வந்து சொன்னார்: "அண்ணாச்சி, நூத்தியெம்பதுக்கு மேல நான் வைக்கவே இல்ல. வேலை போச்சுன்னா பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு எங்க போவேன்?"

கம்பெனி சொன்ன சூடும் நூற்றியெண்பது டிகிரிதான். லேஸ் பாலியஸ்டர் என்று வாங்கியது; அது இருநூற்றைம்பதைத் தாண்டித்தான் உருகும். லேஸிலிருந்து ஒரு நூலை உருவி வைத்தேன். நூற்றியறுபத்தைந்திலேயே நீராகிவிட்டது. அது பாலியஸ்டரே இல்லை. கருவி பழசு என்றார் மேனேஜர். அவர் கண்முன்னே தெரிந்த பொடியை உருக்கினேன், டிகிரி பிசகவில்லை. மறுபடியும் நூலை வைத்தேன், அதே நூற்றியறுபத்தைந்து. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "லேஸ்காரன் நம்மள ஏமாத்திப் போட்டானுங்க."

நோட்டீஸ்

'ஊழியர் மீது தவறில்லை' என்று மொட்டையாக ஒட்டப் பார்த்தார்கள். பழியைப் பெயர் சொல்லிப் போட்டீர்கள், துடைப்பதையும் பெயர் சொல்லித்தான் செய்ய வேண்டும் என்று லேப் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மதியம் மொத்த செக்சனையும் நிற்க வைத்து, மேனேஜர் மன்னிப்புக் கேட்டுப் புது நோட்டீஸை வாசித்தார்.

இத்தனை வருடம் தொண்டை கிழியக் கத்தியும் என்னால் வாங்க முடியாத மன்னிப்பை, ஒரு விரற்கடை மட்ட நூல் உருகி வாங்கித் தந்தது: "எந்தத் தவறும் செய்யாதவர், அயர்னிங் செக்சன், மரியபுஷ்பம்."