பெல்லாவின் ‘பரவாயில்ல’

வலது கை மணிக்கட்டு வரை பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரில். இடது கையில் உப்புக் கரிக்கும் வெண்ணெய் ரொட்டி. பெல்லா லீப்பர் ஒரு கடி கடித்து, நிதானமாக மென்று விழுங்கிவிட்டு என்னைப் பார்க்கிறார்.

“எத்தன நிமிஷம் ஆச்சு, நர்ஸம்மா?”

நான்கு. ரக்பி ஆடும் தடியன்களே இரண்டாவது நிமிடத்தில் பல்லைக் கடிப்பார்கள். ஐந்துக்கு மேல் எங்கள் விதி விடாது. நான்தான் கையைப் பிடித்து வெளியே எடுக்கவேண்டும். “அதுக்குள்ளயா? ரொட்டி இன்னும் பாதி இருக்கே” என்பார்.

செவ்வாய்தோறும் டோரி மீனவர் பேட்டையிலிருந்து பஸ் பிடித்து, ஸ்காட்லாந்தின் அபர்டீனில் இருக்கும் எங்கள் வலி ஆராய்ச்சிக் கூடத்துக்கு வருகிறார். வயது அறுபத்தெட்டு. நாற்பத்தொரு வருடம் மீன் கொட்டகையில் பனிக்கட்டிக்குள் கையை விட்டு மீன் அறுத்தவர். குளிர் தாங்காமல் கையை அக்குளில் செருகிக்கொள்ளும் பெண்களுக்கு அங்கே அவர் வைத்த பெயர் ‘கோழி’. இங்கேயும் அந்தப் பழக்கம் போகவில்லை. சோதனை முடிந்து எவனாவது கையை அக்குளில் வைத்தால், “முட்ட போட்டாச்சா?” என்று விசாரிப்பார். ஞாயிறு தவறாமல் சபைக்குப் போவார். அவர்கள் சபையில் குடி, புகை, சீட்டு எதுவும் ஆகாது. ஒயின் ஊற்றிய கேக்கை மோந்து பார்த்தே தள்ளி வைத்துவிடுவார்.

டாக்டர் ஃபார்க்கருக்கு இவரால் பெரும் தொல்லை. வலி எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லவேண்டும்.

“எவ்வளவு வலிக்குதும்மா?”

“பரவாயில்ல.”

“நம்பரா சொல்லுங்க.”

“அதான் நம்பர், டாக்டர் தம்பி.”

எங்கள் ஊரே அப்படித்தான். லாட்டரி விழுந்தாலும் பரவாயில்லை, கால் முறிந்தாலும் பரவாயில்லை. டாக்டர் எடின்பரோவிலிருந்து வந்தவர், பாவம். ‘பரவாயில்லை’ என்பது மூன்றா நான்கா என்று ஒரு மத்தியானம் முழுக்கக் கூட்டம் போட்டார். மூன்றரை என்று தீர்மானமாயிற்று. நானும் கை தூக்கினேன்.

போன மாதம் டாக்டர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

“நம்ம உடம்பே வலிக்கு மருந்து சுரக்குதும்மா. அபின் ஜாதிதான். உங்களுக்கு அது தாராளமா ஊறுதோன்னு சந்தேகம்.”

ரொட்டி பாதி வழியில் நின்றது.

“அபினா? எனக்குள்ளயா?”

“எல்லாருக்குள்ளயும்தான். ஓடினா ஊறும், பாடினா ஊறும், விழுந்து விழுந்து சிரிச்சா ஊறும்.”

“மத்தவங்க என்னவோ பண்ணிட்டுப் போகட்டும். நான் ஒரு சொட்டு தொட்டவ இல்ல. அப்ப நாப்பத்தொரு வருஷம் போதையிலயா நின்னேன்? மூணு புள்ள பெத்தேன், மூச்சு விடல. அதுவும் போதையா?”

டாக்டர் சிரித்தார். சிரித்திருக்கக் கூடாது.

கோட்டை மாட்டும்போது பெல்லா என்னிடம் சொன்னார்: “பொறுமை ஒண்ணுதான் என் சொந்தச் சம்பாத்தியம்னு நெனச்சிருந்தேன், நர்ஸம்மா. அதுவும் என்னுது இல்லேங்கிறாரு.”

அதற்கப்புறம் இரண்டு வாரம் அவர் சிரிக்கவில்லை. பஸ்ஸுக்கு ஓடவில்லை, இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு வந்தார். சபையில் பாட்டுக்கு வாயை மட்டும் அசைத்தாராம். ரொட்டியையும் நிறுத்திவிட்டார், அதிலும் ஏதாவது இருந்துவிட்டால் என்று.

மூன்றாவது வாரம் டாக்டரிடமே போய் நின்றார்.

“அந்த அபின அடைக்கிற ஊசி இருக்காமே. அதப் போடுங்க. ஒரு நாளாவது நான் தெளிவா நிக்கணும்.”

“ஊசி உண்டும்மா. ஆனா குப்பியில மருந்தும் இருக்கலாம், வெறும் உப்புத் தண்ணியும் இருக்கலாம். ஆராய்ச்சி முடியறவரைக்கும் எனக்கும் தெரியாது, நர்ஸுக்கும் தெரியாது.”

“போடுங்க.”

நேற்று, செவ்வாய்க்கிழமை, போட்டோம். நான்தான் ஊசி குத்தினேன். குப்பியில் என்ன இருந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. அன்று மறுபடி ரொட்டி வாங்கி வந்திருந்தார். கையைத் தண்ணீரில் இறக்கினார். இருபதாவது விநாடியில் தோள் ஏறியது. நாற்பதில் உதடு கோணியது. ரொட்டி கடிபடவே இல்லை.

“நம்பர் சொல்லுங்கம்மா” என்றார் டாக்டர்.

“பர…” என்று தொடங்கினார். மிச்சம் வரவில்லை. “எட்டு.”

ஐம்பத்திரண்டாவது விநாடியில் கையை உருவி நேரே அக்குளில் செருகிக்கொண்டார். முட்டையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. டாக்டர் மட்டும் அந்த எட்டைப் படிவத்தில் எழுதி, அதற்கு இரண்டு அடிக்கோடு போட்டார். மனிதருக்கு அவ்வளவு சந்தோஷம்.

“தண்ணி இப்படியா வலிக்கும், நர்ஸம்மா?”

“எல்லாருக்கும் இப்படித்தான்மா.”

“அந்தப் பொண்ணுங்கள நான் கோழின்னேனே.”

ரொட்டியை மேசைமேல் வைத்தார். அக்குளிலிருந்து கையை எடுத்து, மறுபடி பனிக்குள் இறக்கினார்.

“டெஸ்ட் முடிஞ்சிடுச்சும்மா” என்று டாக்டர் பதறினார். “இது ஆராய்ச்சியில சேராது.”

“பரவாயில்ல” என்றார் பெல்லா. கண்ணீர் தாடையில் இறங்கிக்கொண்டிருக்க, இடது கைச் சட்டையை முழங்கை வரை சுருட்டிவிட்டு, அந்தக் கையையும் உள்ளே விட்டார்.