சூரியனுக்கு நேராக நிற்கும் இடம்

என் தம்பிக்கு ஊரில் 'ஆறு மணி' என்று பெயர். சாயங்காலம் ஆறு மணிக்கு அவனை யாரும் தேட வேண்டியதே இல்லை. கலங்கரை விளக்கத்துக்கு எதிரே, கடலோரச் சுவரை ஒட்டி, கழுத்தில் கேமராவோடு நின்றுகொண்டிருப்பான். பத்தொன்பது வருடமாக இதே கதைதான். மழை கொட்டினாலும் நிற்பான், சூரியனே வராத நாளிலும் நிற்பான். நான் தையல் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள். இவனுக்கு அக்காவாகப் பிறந்தவளுக்கு வாய் நீளாமல் வேறென்ன செய்யும்?

அங்கே ஏழு போட்டோக்காரர்கள். ஏழு பேரும் எடுப்பது ஒரே படம். சூரியன் இறங்கி விளக்கின் உச்சியில் உட்காரும் அந்த எட்டு நிமிடத்தில், ஊர் பார்க்க வந்தவர்கள் கையை நீட்டினால், எரிகிற விளக்கைத் தொடுவது போலப் படத்தில் விழும். ஆனால் சூரியனும் விளக்கும் ஒரே கோட்டில் வருவது சுவரோரம் ஓரிடத்தில்தான். சூரியன் வடக்கே போனால் அந்த இடம் தெற்கே நகரும், வரிசை மொத்தமும் கூடவே நகரும். முதல் ஆள் கோட்டில் நிற்பான். ஏழாவது ஆள் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால், சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி விளக்கு ஒரு பக்கம், சூரியன் ஒரு பக்கம்.

முன்பெல்லாம் முதல் இடத்தில் நின்றவர் கண்ணாடிக்காரர். சோடாப்புட்டிக் கண்ணாடி போட்ட மனிதர், அதிர்ந்து பேச மாட்டார். ஒரு முறை அவர் காய்ச்சலில் நான்கு நாள் படுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து என் தம்பி ஒரு சட்டம் கொண்டுவந்தான். ஒரு சாயங்காலம் வராதவர் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும், என்ன காரணம் சொன்னாலும் செல்லாது. அவனே நோட்டில் எழுதி, மற்றவர்களிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டான். காய்ச்சல் விட்டு வந்த மனிதர் நோட்டைப் படித்துவிட்டு ஏழாவது இடத்துக்குப் போனார். இவன் முதல் இடத்துக்கு வந்தான். பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக ஒரு நாள் வராமல் போகப் போக, கண்ணாடிக்காரர் மெல்ல மெல்ல ஏறி இரண்டாவது இடத்துக்கு வந்து சேர்ந்தார். அன்றோடு என் தம்பியின் நிம்மதி போயிற்று. "அவர் மூச்சு விடறது என் கழுத்துல படுதுக்கா" என்பான். வேண்டும் அவனுக்கு, நன்றாக வேண்டும்.

ஆனால் அந்தச் சட்டத்தில் மாட்டிக்கொண்டது அவன் மட்டுமா? அவன் பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு மாதமும் பகலெல்லாம் கட்டிலருகே இருப்பான், ஐந்து மணி அடித்தால் எழுந்துவிடுவான். அவள் போனபோது மகளுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா என்றால் சாயங்காலம்தானே? நான்தான் போய் உட்காருவேன், கை சிவக்கச் சிவக்கத் தட்டுவேன். அந்தப் பெண் ஒரு நாளும் அப்பாவைக் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

போன மாதம் அவளுக்கு வெளிநாட்டில் நர்ஸ் வேலை கிடைத்தது. மூன்று வருடத்துக்குத் திரும்பி வர முடியாது. ரயில் சாயங்காலம் ஆறு ஐந்துக்கு.

"அப்பா, இத்தன வருஷத்துல உங்ககிட்ட நான் எதுவும் கேட்டதில்ல. ரயில் கெளம்பறப்ப நீங்க பிளாட்பாரத்துல நிக்கணும். அவ்ளோதான்."

"நிக்காம எங்கம்மா போயிடுவேன்?"

"சத்தியமா?" என்று கேட்டேன் நான்.

"நீ வேறக்கா. நான் என்ன மனுஷன் இல்லையா?"

அவள் புறப்படுகிற அன்று மத்தியானமே சுவருக்குப் போய், வெட்கத்தை விட்டுக் கண்ணாடிக்காரரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். "தாராளமா போய்ட்டு வாப்பா. உன் இடத்த நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி அவர் சிரித்தாராம். அந்தச் சிரிப்புதான் இவனைப் பிடித்துக்கொண்டது. தான் செய்ததை அவரும் செய்வார் என்று முடிவே கட்டிவிட்டான்.

எங்களை முன்னால் அனுப்பிவிட்டு, ஐந்து மணிக்கு ஸ்டேஷன் பஸ்ஸில் ஏறியிருக்கிறான். ஜன்னல் வழியாகப் பார்த்தால் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. மார்க்கெட் நிறுத்தம் வரைதான் தாங்கினான். இறங்கி, ரோட்டைத் தாண்டி, எதிர்ப் பக்கம் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டான். ஒரு எட்டு பார்த்துவிட்டு ஓடி வந்துவிடலாம் என்று நினைத்தானாம். நினைப்புதான் பிழைப்பைக் கெடுத்தது. அந்த பஸ் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போய், ரயில்வே கேட்டில் நின்றது. கேட் மூடியிருந்தது. மூடியது எந்த ரயிலுக்காக என்று அவனுக்குத் தெரியும். பெட்டி பெட்டியாக அவன் கண் முன்னாலேயே போயிற்று, எந்தப் பெட்டியில் மகள் என்றுதான் தெரியவில்லை. சுவருக்குப் போய்ச் சேர்ந்தபோது சூரியன் முழுகி, எல்லோரும் கலைந்து போயிருந்தார்கள்.

பிளாட்பாரத்தில் நான் ஒருத்திதான் நின்றேன். விசில் ஊதுகிற வரை அவள் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்துக்கு இறங்குகிற படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"விடுங்கத்தை. அப்பா செவுத்துகிட்டதான் நிப்பாரு. ரயில் பாலத்து மேல போறப்ப செவுரு தெரியும், அங்க பாத்துக்கறேன்."

எனக்கு அழுகை பாதி, ஆத்திரம் பாதி.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். அவன் வந்ததும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். பஸ் கதை முழுவதையும் அப்போதுதான் சொன்னான், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. அந்த நேரத்தில் அவனுடைய போன் சத்தம் போட்டது. மகள் ரயில் ஜன்னலிலிருந்து எடுத்த படம். கலங்கரை விளக்கம், உச்சியில் சூரியன், சுவரோரம் ஆறு பேர். பெரிதாக்கிப் பார்த்தோம். கண்ணாடிக்காரர் தன் இரண்டாவது இடத்திலேயே நின்றுகொண்டு, யாரும் உள்ளே வராதபடி கையை நீட்டி மறித்திருந்தார். முதல் இடம் காலியாக இருந்தது. படத்துக்குக் கீழே எழுதியிருந்தாள்: "அங்கயும் நீங்க இல்லையேப்பா. எங்க இருந்தீங்க?"

அவனுக்கு முகம் செத்துவிட்டது.

"முன்னாடி நின்ன ஆள் என்னை மறைச்சிட்டாருன்னு போடட்டுமாக்கா?"

"போட்டுப் பாரு, கைய ஒடிச்சிடறேன்."

வெகுநேரம் போனைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "பஸ்ல இருந்தேம்மா" என்று அடித்து அனுப்பினான்.

உடனே பதில் வந்தது.

"எந்தப் பக்கம் போற பஸ்ஸுப்பா?"

மறுநாள் சுவருக்குப் போய், சட்டப்படி கடைசிக்குப் போகிறேன் என்றிருக்கிறான். கண்ணாடிக்காரர் விடவில்லை. பெண்ணை வழியனுப்பப் போன மனிதனுக்கு என்ன சட்டம் என்று சொல்லி, தோளைப் பிடித்து முதல் இடத்திலேயே நிறுத்திவிட்டார். தினமும் அங்கேதான் நிற்கிறான். பதினோரு நாளாயிற்று. மகள் கேட்டதற்கு இன்னும் பதில் போடவில்லை.