தங்கபாயின் இரண்டு பதிவுகள்

கேரளத்து மலையோர ஊரான வித்துராவின் மெதடிஸ்ட் சபைக்கு நூறு வயது நிறைந்தபோது, அதன் வரலாற்றை எழுதும் பொறுப்பு தங்கபாயிடம் வந்தது. அவள் எழுத்தாளர் அல்ல. தபால் ஆபீஸில் முப்பது வருடம் கடிதம் பிரித்து, சென்ற ஆண்டு ஓய்வு பெற்றவள். கணவன் இல்லை, மகள் ரெம்யா மஸ்கட்டில் நர்ஸ்.

"சேச்சீ, பழைய ரெஜிஸ்டர் எல்லாம் தமிழ்லயாக்கும். எங்களுக்கு ஒரு அட்சரம் வாசிக்கத் தெரியாது" என்றான் சபைச் செயலாளர் அஜீஷ். தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் சபையில் நான்கைந்து பேர்தான் மிச்சம்.

மத்தியான நேரங்களில் போதகரின் சிறிய அறையில் உட்கார்ந்து அவள் குறிப்பெடுத்தாள். மூன்றாம் நாள் தன் ஞானஸ்நானப் பதிவைக் கண்டாள். 1964 மார்ச் 8. தங்கபாய். பெற்றோர் ஏசுவடியான், ஞானம்மாள். சிரித்துக்கொண்டே அதைக் குறித்து வைத்தாள்.

அடுத்து அடக்கப் பதிவேடு. அதிலும் சபையின் அன்றைய உபதேசியாரின் அதே சாய்ந்த கையெழுத்து.

1964 அக்டோபர் 19. தங்கபாய், வயது எட்டு மாதம். சபையைத் திறந்து பூட்டும் ஏசுவடியானின் மகள். காய்ச்சல்.

சபையைத் திறந்து பூட்டியவர் அவளுடைய அப்பாதான். ஏசுவடியான் என்ற பெயரில் வேறு யாரும் அந்தச் சபையில் இருந்ததில்லை. தங்கபாய் தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். நாடி துடித்தது. வெளியே நல்ல வெயில். குடையை எடுக்காமலே இறங்கினாள்.

நேரே அண்ணன் ஞானையன் வீட்டுக்குப் போனாள். எழுபத்தொரு வயதுக்காரர் கேட்டதும் டிவியை அணைத்தார்.

"ஒனக்கு இத ஆரு சொன்னா?"

"ரெஜிஸ்டர்ல கெடக்கு அண்ணா. செத்தது ஆரு?"

"தங்கபாய்தான். குழியில நானும் ஒரு பிடி மண்ணு போட்டேன், கேட்டியா."

"அப்போ நான் ஆரு?"

அவர் ரிமோட்டைக் கீழே வைத்தார். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார். அடக்கம் முடிந்து மூன்றாம் ஞாயிறு. அப்பா விடியற்காலையில் ஆராதனைக்குக் கதவு திறக்கப் போனார். பூட்டு பூட்டியபடி இருந்தது. ஜன்னல்களும் உள்ளே தாழிட்டிருந்தன. திறந்து உள்ளே போனால், பெண்கள் உட்காரும் பாயில் ஒரு குழந்தை படுத்திருந்தது. அழவில்லை, கண் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மா தெச்ச சட்டையாக்கும் போட்டிருந்தது. கழுத்துல நீல நூலு. அந்தச் சட்டையோடதான் நாங்க அவள அடக்கினது."

"தோண்டி எடுத்தாங்களா?"

"அப்பா என்னையும் கூட்டிட்டு கல்லறைக்கு ஓடினாரு. மண்ணு இளகவே இல்ல பிள்ளே. மேல புல்லு முளச்சிருந்தது."

உபதேசியார் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்றபோது அம்மா மறுத்துவிட்டாளாம். 'இவளுக்கு ஏற்கெனவே குடுத்தாச்சு' என்றாளாம். அதற்குமேல் அந்த வீட்டில் யாரும் அதைப் பேசவில்லை.

தங்கபாய்க்கு ஒன்று நினைவு வந்தது. அம்மா அவளை எப்போதும் இரண்டு முறை கூப்பிடுவாள். முதல் அழைப்புக்குப் பிறகு சற்று நிறுத்தி, வாசல் பக்கம் பார்ப்பாள். அந்த முதல் அழைப்புக்குப் பதில் சொன்னால் அடி விழும்.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் குழந்தைகளை அடக்கும் கீழ்ப்பக்கம் போய்த் தேடினாள். ரப்பர் இலைகளை ஒதுக்கியதும் முழ நீளக் கல் ஒன்று தென்பட்டது. அதில் பெயர் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன ஜெபிப்பது, யாருக்காக ஜெபிப்பது என்று தெரியாமல் எழுந்து வந்தாள்.

அன்று மாலை போதகர் சுபினிடம் போய்ச் சொன்னாள்: "அய்யா, எனக்கு ஞானஸ்நானம் வேணும்."

அவர் சிரித்தார். அவள் இரண்டு பதிவேடுகளையும் வாசித்துக் காட்டியதும் சிரிப்பு நின்றது. "அம்மச்சீ, ஆளுகள் எந்து பறயும்?" என்று, ஊர் என்ன சொல்லுமோ என்ற பயத்தில், தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அறுபத்தொரு வருஷம் மத்தவளோட ஞானஸ்நானத்துல நடந்தேன். எனக்குன்னு ஒண்ணு குடுங்க."

நூற்றாண்டு விழாவுக்கு முந்தின ஞாயிறு, சபை முன்னால் முழந்தாளிட்டாள். ஞானையன் வரவில்லை. என்ன பெயர் என்று போதகர் கேட்டபோது, பழகிய பெயரை விட்டுவிட மனம் வராமல் "தங்கபாய்" என்றாள். தண்ணீர் நெற்றியில் விழுந்தபோது பின்வரிசையில் யாரோ விம்மினார்கள். ஆராதனை முடிந்து விசாரித்தால், அழுததாக ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

புதிய பதிவேட்டில் சுபின் மலையாளத்தில் எழுதினார். பெற்றோர் பெயரை அவள் தயங்காமல் சொன்னாள். பிறந்த தேதி கேட்டபோது, தெரியாது என்று கையை விரித்தாள். அந்தக் கட்டத்தில் அவர் ஒரு கோடு போட்டார்.